நேபாள மலையில் பத்து நாட்கள்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சில, அடுத்த சித்திரையில் நேபாளத்துக்கு ஊழியப் பயணம் போக எண்ணியிருக்கின்றன. முன்னரே போய் வந்தவர்கள் என்ற முறையில், என்னென்ன சாமான் எடுத்துச் செல்ல வேண்டும், அங்கே அன்றாட வாழ்க்கை எவ்வாறிருக்கும் என்பவற்றை எழுதித் தரும்படி எங்களைக் கேட்டார்கள். பட்டியல் எழுதுவது எளிது. ஆயினும் நாங்கள் சுமந்து சென்றவற்றுள் பாதிக்கு மேல் அங்கே வேண்டாதவையாகப் போயின என்பதையும் மறைக்காமல் சொன்னால்தான் அந்தப் பட்டியலுக்குப் பொருள் உண்டு. ஆகையால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாள், கோரக்பூரிலிருந்து புறப்பட்டோம். நாங்கள் கணவன் மனைவி இருவர். சபையார் ஏழு பேர். ஆக ஒன்பது பேர். எங்களுள் மூத்தவர் ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர், திருநெல்வேலிச் சீமைக்காரர், இங்குள்ள தமிழர் யாவருக்கும் அவர் 'அண்ணாச்சி'. நாங்கள் போன இடம், பால்பா மாவட்டத்துத் தான்சேன் நகருக்கு அப்பால், மலைச்சரிவில் உள்ளூர்ச் சபையார் நடத்தும் ஒரு சிறு மாணவர் விடுதி. நேபாளத்தில் பள்ளியாண்டு வைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரையில், தொடங்குகிறது. அதற்கு முந்திய விடுமுறையில் விடுதிச் சுவர்களுக்கு வெள்ளையடித்து, கட்டில் பெஞ்சுகளைச் செப்பனிட்டுத் தருவதென்று ஏற்பாடு.

ஒரு மாதம் முன்பே சாமான் சேர்க்கத் தொடங்கினோம். காலனியில் வீடு வீடாகச் சென்று, பழைய துணி தருவீர்களா என்று கேட்டோம். கேட்ட வீட்டிலெல்லாம் கொடுத்தார்கள். மூன்று பெரிய பொதிகளாயின. தெரிந்த வீடுகளில் மிஞ்சிக் கிடந்த மாத்திரைகளும் டானிக்குகளும் ஓர் அட்டைப் பெட்டி நிறையச் சேர்ந்தன. அண்ணாச்சி தம் சொந்தச் செலவில் இந்தியில் அச்சிட்ட சிறு பிரசுரங்களை வாங்கி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, தம் கையாலேயே ஆணி அடித்தார். எங்கள் வீட்டம்மாள் மட்டும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் ஊசி, நூல்கண்டு, கத்தரி, சட்டைப் பொத்தான், கொக்கி இவற்றைப் போட்டுக்கொண்டாள். "இது எதற்கு, வீண் சுமை?" என்று நாங்களே அவளைக் கேட்டோம்.

எங்களுக்கு உத்தியோகம் பார்சல் ஆபீசில். பொதி கொண்டுவருவோரிடம், உள்ளே என்ன இருக்கிறது என்று நாள்தோறும் கேட்கிறோம். பொருள் இன்னதென்று பார்வர்டிங் நோட்டில் எழுதிக் கையொப்பமிடாமல் ஒரு மூட்டையையும் வாங்குவதில்லை. பொருள் போய்ச் சேரும் இடத்தில் அதைப் பெற்றுக்கொள்ள ஆள் உண்டா என்றும் விசாரிக்கிறோம். அந்தக் கேள்விகளை எங்கள் மூட்டைகளிடம் மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

கோரக்பூரிலிருந்து நௌதன்வாவுக்கு ரயில். அங்கிருந்து சிறிது தூரத்தில் சுனௌலி எல்லை. 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாக, நம் நாட்டார் நேபாளம் செல்ல விசா வேண்டியதில்லை. ஆயினும் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும். ஆதார் அட்டை ஒன்றே போதும் என்று நம்பிப் போகாதீர்கள். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் 15 நிமிடம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். இந்திய 100 ரூபாய்க்கு நேபாள 160 ரூபாய் என்பது 1993 முதல் மாறாத கணக்கு. நாங்கள் போன காலத்தில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் அங்கே செல்லா. இத்தகைய விதிகள் அவ்வப்போது மாறுமாதலால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். 2024 மார்ச் முதல் நம் கைப்பேசி யு.பி.ஐ. வழியாகவும் அங்குள்ள கடைகளில் பணம் செலுத்த வசதி வந்திருக்கிறது. மலைக் கிராமத்துப் பெட்டிக்கடையில் அதை நம்பியிருக்க முடியாது. சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளவும்.

எல்லைக்கு அப்பால் பைரஹவா, பிறகு புட்வல். புட்வல் வரையில் நம் பக்கத்துச் சமவெளிதான். அதே வெயில், அதே கொசு. புட்வலைக் கடந்ததும் மலை செங்குத்தாக எழுகிறது. இந்திய உதவியால் அமைந்த சித்தார்த்த நெடுஞ்சாலை அங்கே பள்ளத்தாக்கை ஒட்டி வளைந்து வளைந்து ஏறுகிறது. மழைக்காலத்தில் பாறை சரியும் இடங்கள் உண்டு. ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் தான்சேன். அதற்குள் எங்களில் நால்வர் வாந்தியெடுத்துத் துவண்டுபோனோம். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைப் பெட்டிக்குள் பூட்டி, பெட்டியை ஜீப்பின் கூரைமேல் கட்டியிருந்தோம்!

தான்சேன் கடல் மட்டத்துக்கு 1,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த பழைய நகரம். டாக்கா என்னும் பல வண்ணக் கைத்தறித் துணிக்கும், கருவா என்னும் மூக்குள்ள வெண்கலச் செம்புக்கும் பெயர் பெற்றது. பறவைகளை ஆராய்ந்துவந்த ராபர்ட் ஃபிளெமிங் என்பார் 1949இல் இங்கே பறவை தேடி வந்தார். முசூரியில் ஆசிரியராயிருந்தவர் அவர். நோயாளிகள் வைத்தியமின்றி வருந்துவதைக் கண்டு, அரசாங்கத்தாரின் அனுமதியுடன் வைத்தியப் பணி தொடங்க வழி தேடினார்கள். 1954இல் ஐக்கிய நேபாள மிஷன் நிறுவப்பட்டது. தான்சேன் ஆஸ்பத்திரியும் அப்படிப் பிறந்ததே. வந்தவர்கள் மக்களுக்கு என்ன தேவை என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே வேலை தொடங்கினார்கள் என்பதை அப்போது நாங்கள் ஒரு செய்தியாக மட்டும் கேட்டுக்கொண்டோம். அதன் உட்பொருள் பிறகுதான் விளங்கிற்று.

ஜீப் போகும் பாதை விடுதிக்குச் சிறிது கீழேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து அரை மணி நேரம் கல்படி ஏற வேண்டும். எங்களை எதிர்கொள்ள வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு எங்கள் தாயாரின் வயதிருக்கும். முதுகில் டோகோ என்னும் மூங்கிற்கூடை. அதைத் தாங்கும் பட்டை நெற்றியிலே. நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், அந்த அம்மாள் பெரிய துணிப் பொதியைக் கூடையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். நாங்கள் வெறுங்கையோடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னே போனோம்.

மறுநாள் பொதியை அவிழ்த்தார்கள். விடுதித் தலைவி ஒவ்வொரு துணியாக எடுத்து விரித்தார். கிழிந்த சேலை, சாயம் போன சட்டை, ஒரு காலில் மட்டும் ஜிப் உள்ள சிறுவர் கால்சட்டை. நல்லவை பத்துப் பன்னிரண்டு தேறின. தான்சேன் கடைவீதியில் நல்ல துணி மலிவாகவே கிடைக்கிறது. அந்தப் பிள்ளைகளும் நேர்த்தியாகவே உடுத்தியிருந்தார்கள். தலைவி ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. "சுவர் துடைக்கத் துணி வேண்டுமே, நல்லதாயிற்று" என்றார். அவ்வாறே ஆயிற்று. ஒரு தாய் நெற்றியால் சுமந்து மலையேற்றியது எங்கள் காலனியின் கந்தையை. பத்து நாளும் அந்தத் துணியால் சுண்ணாம்பைத் துடைக்கும்போதெல்லாம் எங்களுக்கு நாணமாயிருந்தது.

மருந்துப் பெட்டியின் கதியும் அதுவே. பாதி மாத்திரைகளின் காலம் முடியும் தறுவாயிலிருந்தது. தானமாகக் கொடுக்கும் மருந்து போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. வீட்டில் மிஞ்சிய மருந்து தானத்துக்கு ஆகாது என்பதை நாங்கள் அங்கே போய்த்தான் கற்றோம்.

இனி அன்றாட வாழ்க்கை. ஐந்து மணிக்கு எழுந்தால் ஒரு தம்ளர் தேநீர். சிறு ஜெபம். பிறகு வேலை. காலைப் பலகாரம் என்று நம் வழக்கப்படி ஒன்றும் இல்லை. பத்து மணிக்கு முழுச் சாப்பாடு: சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஓர் ஊறுகாய். பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு நம் அவலைப் போன்ற சியூரா, வறுத்த சோயா மொச்சையுடன். இரவு ஏழு மணிக்கு மறுபடியும் சோறும் பருப்பும். சமையல் கடுகெண்ணெயில், வடக்கே வாழும் நமக்கு அது புதிதன்று. குந்துருக் என்னும் புளித்துக் காய்ந்த கீரையின் சாறு முதல் நாள் பிடிக்காது. மூன்றாம் நாள் கேட்டு வாங்குவீர்கள். எச்சில் என்பதை அவர்கள் 'ஜூட்டோ' என்கிறார்கள். நம் பாட்டிமார் பார்த்த எச்சில் பத்தெல்லாம் அங்கே இன்றும் உண்டு. தின்ற கையால் கரண்டியைத் தொடுவதும், உதட்டில் வைத்த தம்ளரைப் பிறருக்கு நீட்டுவதும் ஆகா.

அண்ணனைத் 'தாய்' என்றும் அக்காளைத் 'தீதி' என்றும் அழைக்கிறார்கள். வெள்ளை மீசை அண்ணாச்சியைப் பிள்ளைகள் எல்லாம் "தாய், தாய்" என்று கூப்பிட, எங்கள் பெண்டிர் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். நாங்கள் போனபோது வார விடுமுறை சனிக்கிழமை ஒன்றே; ஞாயிறு வேலை நாள். ஆகையால் சபைகளில் ஆராதனையும் சனிக்கிழமையில்தான். தரையில் பாய் விரித்து, ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் ஒரு புறமும் அமர்கிறார்கள். செருப்பு வெளியே. நிமிர்ந்து இரண்டு மணி நேரம் தரையில் உட்காரப் பழகிப் போவது நல்லது.

தண்ணீர்தான் பெருங்கஷ்டம். சித்திரையில் மலை ஊற்று வற்றிவிடுகிறது. குழாயில் முறை வைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு வாளியில் குளிப்பு, துவைப்பு இரண்டையும் முடிக்கப் பழக வேண்டும். பெண்கள் குளிப்பதும் திறந்தவெளிக் குழாயடியில், மார்போடு கட்டிய துணியுடன். இருள் நிறத்தில் தடித்த பருத்திப் பாவாடை இரண்டு இல்லாமல் எந்தப் பெண்ணும் புறப்பட வேண்டாம்.

நான்காம் நாள் அண்ணாச்சியின் மரப்பெட்டி வெளியே வந்தது. ஞாயிறு கடைத்தெருவுக்குப் போய்ப் பிரசுரங்களைக் கொடுத்து வருவதென்று அவர் தீர்மானித்திருந்தார். ஆணியைப் பிடுங்கும் ஓசை கேட்டு விடுதித் தலைவி வந்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தோம். கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் இந்தியில் சொன்னார்: "தாய், இதை மூடிவிடுங்கள். நீங்கள் அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவீர்கள். நாங்கள் இங்கேதான் இருப்போம்."

பிறகு விளக்கினார். நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அவரவர் மதத்தை அவரவர் பின்பற்ற உரிமை தருகிறது. ஆனால் பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின்படி அக்குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அயல்நாட்டாராயின் தண்டனைக்குப் பின் நாட்டைவிட்டு அனுப்பப்படுவர். ஒரு புகார் போனால் போதும், விடுதிக்கே பூட்டு விழலாம் என்றார். பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களிடம் மறுமொழி இல்லை.

அண்ணாச்சி அன்றிரவு சாப்பிடவில்லை. "நாற்பது ஆண்டாக ஒருவனுக்கும் பயந்து நான் என் விசுவாசத்தை மறைத்ததில்லை" என்றார். எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. பாதிப் பேர் அவர் பக்கம். பயந்து ஒளிவது ஊழியமா என்றார்கள். விளைவு நம் தலையில் விழுவதானால் துணியலாம், பிறர் தலையில் விழும்போது அதற்குத் துணிவென்று பெயரா என்று மற்றவர்கள் கேட்டார்கள். பொழுது விடியும் மட்டும் தீரவில்லை. விடிந்ததும் அண்ணாச்சியே சுத்தியல் கேட்டு வாங்கி, பெட்டியை மறுபடி ஆணியடித்து மூடினார். ஒன்றும் பேசவில்லை. ஊர் திரும்பும்போது அந்தப் பெட்டியை ஒருவரிடமும் கொடாமல், டோகோவிலும் வைக்க விடாமல், 68 வயதில் தம் தோளிலேயே சுமந்து அரை மணி நேரப் படியிறங்கினார்.

வெள்ளையடிப்பு எங்கள் கையில் மெதுவாகவே நடந்தது. ஆறு நாளில் நாங்கள் முடித்ததை ஊர்க் கொத்தனார் இருவர் இரண்டு நாளில் முடித்திருப்பார்கள். அவர்களே வந்து, சுவரில் வழிந்த கோடுகளைப் பார்த்துப் புன்னகை செய்து, ஓரங்களைச் சரிப்படுத்திக் கொடுத்தார்கள்.

பிஸ்கட் டின்னின் கதையோ வேறு. பள்ளி திறக்குமுன் சீருடைகளை எடுத்துப் பார்த்தபோது, பொத்தான் இல்லாத சட்டையும் ஓரம் பிரிந்த பாவாடையும் குவியலாகக் கிடந்தன. எங்கள் வீட்டம்மாள் திண்ணையில் உட்கார்ந்தாள். பெண் பிள்ளைகள் சுற்றி அமர்ந்தார்கள். அவளுக்கு நேபாளி தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இரு திறத்தார்க்கும் தெரிந்தது அரைகுறை இந்தி. மூன்று நாளில் பிள்ளைகள் தாமே பொத்தான் தைக்கவும் காஜா எடுக்கவும் கற்றுக்கொண்டார்கள். எங்களுக்கும் ஒரு வேலை வாய்த்தது. விடுதிச் சாமான் கணக்கு நாலைந்து நோட்டுகளில் சிதறிக் கிடந்தது. வரவு, செலவு, இருப்பு என்று கோடு போட்டு ஒரே பேரேட்டில் எழுதிக் கொடுத்தோம். தலைவி அதைத்தான் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 14ஆம் நாள் நமக்குச் சித்திரை முதல் நாள். அதே நாள் அவர்களுக்கும் புத்தாண்டு. விக்கிரம ஆண்டு 2080 அன்று பிறந்தது. ரயில்வே காலனி வேப்பமரத்துப் பூவை உலர்த்திக் கொண்டுபோயிருந்தோம். புட்வலில் வாங்கிய மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி செய்தோம். கசப்பும் இனிப்பும் புளிப்பும் ஏன் ஒன்றாய்ச் சேர்கின்றன என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆண்டு அப்படித்தான் இருக்கும் என்று எங்கள் வீட்டம்மாள் சொன்னதும், டோகோ சுமந்த அந்த முதிய அம்மாள் தலையசைத்து இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள். முதல் நாள் இரவு ஆலங்கட்டி மழை பெய்து புகைமூட்டம் கழுவப்பட்டிருந்ததால், வடக்கே பனிமலைகள் அன்று முழுவதும் தெரிந்தன.

இப்போது பட்டியல். ஒருவருக்கு ஒரு பை. 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். நீங்களே தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் படியேறிப் பாருங்கள். உடை மூன்று செட். அதில் ஒன்று சுண்ணாம்புக்கென்று பழையது. சித்திரையானாலும் இரவு குளிரும்: ஸ்வெட்டர் ஒன்று, போர்வை ஒன்று. இடிமழைக்குக் குடை. பிடிப்புள்ள காலணி ஒன்று, குழாயடிக்கு ரப்பர் செருப்பு ஒன்று. டார்ச், கயிறு, பூட்டு. கொதித்த நீர் பிடிக்க எவர்சில்வர் பாட்டில். உங்கள் வழக்கமான மருந்துகள் சீட்டுடன். உப்புச் சர்க்கரைப் பொட்டலம். வாந்தி மாத்திரை சட்டைப் பையில். மின் செருகி நம்முடையதே பொருந்தும். கைப்பேசிக்கு அங்குள்ள சிம் வாங்க அடையாள அட்டை நகலும் புகைப்படமும் வேண்டும். 'ராப்திசாகர்' எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து வரும் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் எடுத்துச் செல்லலாம். எண்ணெய் ஊறுகாய் பாட்டில் வேண்டாம், எங்கள் ஜெபப் புத்தகம் இன்றும் எலுமிச்சை ஊறுகாய் மணக்கிறது. ஊசி, நூல், பொத்தான் மறவாதீர்.

கொடுப்பதற்கென்று எதையும் கட்டுமுன் ஒரு கடிதமாவது தொலைபேசியாவது போட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால், ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். கைப்பிரதிகளைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மறு ஆண்டு, 2024இல், நாங்கள் போகவில்லை. ஒன்பது பேர் வழிச்செலவைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை ஊர்க் கொத்தனார் கூலிக்கென்று அனுப்பினோம். சுவர் செம்மையாக முடிந்ததென்று தலைவி எழுதினார். கடைசி வரியில், பொத்தான் அம்மா எப்போது வருவார் என்று பிள்ளைகள் கேட்பதாகவும் எழுதியிருந்தார். போவது சரியா, பணம் அனுப்புவது சரியா என்று எங்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அண்ணாச்சி மட்டும் முடிவு செய்துவிட்டார். அடுத்த சித்திரையில் போகிறவர்களோடு தாமும் வருவதாகவும், இம்முறை மரப்பெட்டியில் பொத்தானும் நூலும் இருக்குமென்றும் சொல்லியிருக்கிறார்.

போகிற அன்பர்கள் நலமே போய் நலமே வருவார்களாக.